781 சி என்று ஒரு டவர் இல்லை

எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் நேர்மின் பெருவழி நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே பித்தளையில் ஒரு நேர்கோடு. அடியில் ‘விலகாத வழித்தட விருது’ என்று பொறித்திருக்கிறது. எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் மின்பாதையை, வரைபடத்தில் போட்ட கோட்டிலிருந்து ஓரடிகூட விலகாமல் கட்டி முடித்ததற்காக டெல்லியில் கொடுத்தது.

பாதை ஓரிடத்தில் விலகியிருக்கிறது. உப்பிலியபுரத்துக்குப் பக்கத்தில் கோடு ஒரு கல்குவாரியின் தலைக்கு மேலே போக வேண்டியிருந்தது. குவாரிக்காரர் யாருக்கோ வேண்டியவர். ஆகவே மின்பாதை ஒரு வளைசல் போட்டு, நல்லுசாமியின் வெங்காயக் காட்டுக்குள் இறங்கி, மறுபடி கோட்டில் ஏறிக்கொண்டது. இதில் நான்கு டவர் கூடிப்போயின. 781-க்கும் 782-க்கும் நடுவில் முளைத்தவை என்பதால் 781 ஏ, பி, சி, டி என்று தாரால் எழுதிவிட்டு ஒப்பந்தக்காரர் போய்விட்டார். அடுத்த மாதமே விருது வந்தது. விருது வாங்கிய பிறகு டவர் பட்டியலைத் திருத்தினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? அதனால் அந்த நான்கும் நிலத்தில் நிற்கின்றன, பட்டியலில் இல்லை.

போன ஆண்டு ஒரு வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்கு 781 சி-யில் பீங்கான் தட்டுகள் கோத்த சரம் ஒன்று வெடித்து அறுந்தது. அது தாங்கிக்கொண்டிருந்த கம்பி இறங்கி, காட்டை ஒட்டிய வண்டிப்பாதைக்கு மேலே ஆள் உயரத்தில் தொங்கியது. லைன் அந்த நொடியே தானாக அணைந்துவிட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகாததுதான் வினையாகப் போயிற்று. முதல் அரை மணி நேரம் ஊரே தூர நின்று பார்த்தது. பிறகு ஒருவன் வண்டியிலிருந்து இறங்காமலே குனிந்து கம்பிக்கு அடியில் போனான். இன்னொருவன் கொம்பால் தட்டிப் பார்த்தான். கடைசியில் ஒருவர் தன் ஈரத் துண்டை அதில் காயப்போட்டார். நல்லுசாமியின் மனைவி வீராயி மட்டும் ஒரு குச்சியில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு பாதையில் நின்று எல்லோரிடமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

டவரில் அபாயப் பலகைக்குக் கீழே ஒரு தொலைபேசி எண் இருந்தது. நல்லுசாமி அழைத்தார். “டவர் எண்ணை அழுத்தவும்” என்றது ஒரு பெண் குரல். 781 அழுத்தினார். சி-யை எப்படி அழுத்துவது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, “781-இல் பழுது இல்லை. தங்கள் அக்கறைக்கு நன்றி” என்று குரல் வைத்துவிட்டது. உள்ளூர் மின்சார ஆபீஸில் கேட்டதற்கு அது தங்கள் கம்பி இல்லை என்றார்கள். அது உண்மைதான்.

“நேர்ல போய்ச் சொன்னாத்தான் ஆகும். நீ ஒருத்தரையும் கிட்ட விடாத” என்று வீராயியிடம் சொல்லிவிட்டு நல்லுசாமி துறையூர் வழியாகத் திருச்சிக்கு பஸ் ஏறினார். சொன்னால் போதும், ஓடி வருவார்கள் என்று நம்பினார். ஐம்பத்து மூன்று வயதில் இப்படி ஒரு நம்பிக்கை அவரிடம் மிச்சம் இருந்தது.

எடமலைப்பட்டி புதூர் அலுவலகத்தை அவர் அடைந்தபோது மணி இரண்டு. உள்ளே விடுவதற்கு முன்னால் பாதுகாப்புப் பயிற்சி என்று உட்காரவைத்தார்கள். வருகிறவர் யாராயிருந்தாலும் அது கட்டாயம். தீப்பிடித்தால் எந்த வாசல் வழியாக ஓடுவது, மாடிப்படியில் எந்தக் கையால் பிடித்துக்கொண்டு இறங்குவது, ஈரத் தரையில் எப்படி நடப்பது என்று பன்னிரண்டு நிமிடம் படம் காட்டினார்கள். முடிந்ததும் அவர் சட்டையில் ‘நான் பாதுகாப்பானவன்’ என்று ஒரு வில்லையைக் குத்தினார்கள்.

அப்போதுதான் எதிரே சுவரில் இருந்த பெரிய திரையைப் படித்தார். ‘பழுது இடம்: டவர் 784. நேரடி ஆய்வு: பழுது இல்லை. மீண்டும் மின்னேற்றம்: மாலை 4.00.’

ஊர்ப் பள்ளிக்கூடம் விடுவது நாலு பத்துக்கு. பிள்ளைகள் அந்தப் பாதையில்தான் வரும். கம்பி செத்துவிட்டது என்று ஊரே காலையிலிருந்து கற்றுக்கொண்டிருக்கிறது.

பொது மேலாளர் பீமராவ் மரியாதை தெரிந்த மனிதர். எழுந்து நின்று கைகொடுத்து, உட்காரச் சொல்லி, செல்போனில் இருந்த படத்தையும் பார்த்தார். கம்பி, அறுந்த சரம், அடியில் சிவப்புத் துணியோடு வீராயி.

“இது எந்த டவர்ங்க?”

“781 சி-ங்க.”

பீமராவ் பட்டியலைத் திருப்பினார். “அப்படி ஒரு டவர் எங்ககிட்ட இல்லீங்களே.”

“என் காட்டுல நிக்குதுங்க.”

“நிக்கலாம். எங்ககிட்ட இல்ல.” அவர் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். “பெரியவரே, பழுது எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கத்தான் நாப்பது கோடியில மெஷின் வாங்கி வெச்சிருக்கோம். அது 784-ன்னு சொல்லுது. ஏழு பேர் போய் 784-ஐ ஏறிப் பார்த்துட்டாங்க, ஒன்னுமில்ல. அப்ப பழுது தானா சரியாயிடுச்சுன்னு அர்த்தம். அதான் நாலு மணிக்கு ஏத்துறோம்.”

“தானா எப்படிங்க சரியாகும்? சரம் அறுந்து கெடக்குதே.”

“அது உங்க இடத்துல. நான் பேசறது பழுது இருக்கற இடத்தைப் பத்தி.”

“ஒரு பத்து நிமிஷம் ஆளை அனுப்பிப் பாத்துட்டு ஏத்துங்களேன் சார். என் சம்சாரம் அங்க நிக்குது. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வர்ற பாதைங்க அது.”

பீமராவின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. “புரியுதுங்க. எனக்கும் குழந்தைங்க இருக்கு. ஆனா நான் இன்னிக்கு உங்க பேச்சைக் கேட்டு ஆளை அனுப்பினா, நாளைக்கு எவன் வேணா வந்து இங்க பழுது, அங்க பழுதுன்னுவான். கடைசியில பழுது எங்க இருக்கோ அங்கல்லாம் நாங்க போக வேண்டியதாயிடும். ஒரு நிறுவனம் அப்படி நடக்க முடியாது. இடம் சம்பந்தப்பட்டதுன்னா ஸ்ரீரங்கத்துல எங்க இடமறி மையம் இருக்கு. ரங்கநாதன் சார்தான் தலைவர். அவர் 784 இல்லன்னு சொன்னா நான் இப்பவே நிறுத்திடறேன்.”

மையம் ஏன் ஊரின் மறுகோடியில், ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது என்று கேட்டால், தலைவரின் வீடு அங்கே இருக்கிறது என்பது ஒன்றுதான் காரணம்.

பஸ் பாலக்கரையில் நின்றது நின்றதுதான். முன்னால் ஒரு சரக்கு வண்டி அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. நல்லுசாமி பக்கத்தில் இருந்தவரிடம் மூன்று தரம் மணி கேட்டார், தன் கையில் செல்போன் இருப்பது நினைவில்லாமல். பிறகு வீராயியை அழைத்தார்.

“நாலு மணிக்கு கரண்ட் விடப் போறாங்களாம். நீ எட்ட வந்துடு.”

“நான் எட்ட வந்துட்டா இவங்க யாரு சொன்னா கேப்பாங்க? இப்பக்கூட ரெண்டு பசங்க கம்பியப் புடிச்சுத் தொங்கப் பாத்தானுவ. அடிச்சு வெரட்டுனேன்.”

“பள்ளிக்கூடத்துல சொல்லிப் பாத்தியா?”

“சொன்னேன். எழுதி வாங்கிட்டு வரச் சொல்றாங்க. நீங்க எதுக்குப் போனீங்களோ அதை முடிச்சிட்டு வாங்க.” வைத்துவிட்டாள்.

காவிரிப் பாலம் தாண்டி, இறங்கி, விசாரித்து, ஓடி, அவர் மையத்தின் வாசலில் செருப்பைக் கழற்றியபோது மணி மூன்று முப்பத்திரண்டு. செருப்பைக் கழற்றத்தான் வேண்டும் என்று பலகை இருந்தது. உள்ளே குளிரூட்டிய அறையில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், மெஷின் இருந்தது. நெற்றி மாதிரி இருந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

ரங்கநாதன் ஓய்வு பெற்று மூன்று தரம் நீட்டிப்பு வாங்கியவர். நல்லுசாமி சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“ரொம்ப சிரமப்பட்டு வந்திருக்கேள். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். கம்பியில எங்க பழுதானாலும் அங்கேர்ந்து ஒரு அலை கிளம்பி ரெண்டு முனைக்கும் ஓடறது. எந்த முனைக்கு எவ்வளவு முந்தி வந்துதுன்னு இதோ இந்த மெஷின், இவர்தான் கணக்குப் பண்றார். ஒரு நொடியைப் பத்து லட்சமாப் பிரிச்சுப் பார்க்கறார். காலம்பற இவர் திருவாய் மலர்ந்தது நானூத்திப் பன்னெண்டு புள்ளி ஆறு கிலோமீட்டர். பட்டியல்ல அந்தத் தூரத்துல இருக்கறது 784. இதுல மனுஷாளுக்கு வேலையே இல்லை.”

“சாமி, ஒரு தடவை இந்தப் படத்தைப் பாருங்க.”

“படம் பார்க்கறது உசிதமில்லை. பார்த்தா மனசு சாயும். இருபது வருஷமா நான் ஒரு பழுதைக்கூட நேர்ல போய்ப் பார்த்ததில்லை. அதனாலதான் என் கணிப்பு ஒண்ணுகூடத் தப்பினதில்லை.” அவர் மெஷினைப் பார்த்து லேசாகக் கைகூப்பினார். “உங்களுக்கு மனக்குறை இருந்தா அந்தப் பொண்ணண்ட படிவம் எழுதிக் கொடுங்கோ.”

அந்தப் பெண்ணின் பெயர் இளவேனில், இளநிலைப் பொறியாளர். கணினியில் படிவத்தைத் திறந்தாள். டவர் எண் என்ற கட்டத்தில் 781 போட்டு சி-யைத் தட்டினாள். கட்டம் சிவந்தது. அது எண்களை மட்டுமே ஏற்கும்.

“மெஷின் சரியாத்தான் சொல்லுது ஐயா” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், தணிந்த குரலில். “அந்தத் தூரத்துல இருக்கறது உங்க டவர்தான். உங்க நாலு டவரும் பட்டியல்ல இல்ல பாருங்க, அதனால கணக்கு தள்ளிப் போயி 784-ல விழுது. மூணு தடவை எழுதிக் கொடுத்துட்டேன். விருது வாங்கின பாதையைச் சந்தேகப்படறதா எனக்குத்தான் மெமோ வந்துச்சு.”

“நீங்க நிறுத்த முடியாதாம்மா?”

“எனக்கு அனுப்புற அதிகாரம்தான் இருக்கு, நிறுத்துற அதிகாரம் இல்ல.” அவள் விரல் விசைப்பலகையின் மேல் நின்றது. “784-ன்னு நம்பர் தெரியற மாதிரி, சரம் உடைஞ்சது தெரியற மாதிரி, ஒரே படமா வந்தா அடுத்த நிமிஷமே நிறுத்துவாங்க. வேற எதுக்கும் நிறுத்த மாட்டாங்க.”

அதைச் சொல்லிவிட்டு அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். மணி மூன்று நாற்பத்து மூன்று.

இதுவரை நல்லுசாமி கேட்டதெல்லாம் வீராயி கம்பியை விட்டு எட்டப் போக வேண்டும் என்பதுதான். இப்போது அவளை அதற்கு அடியிலேயே போகச் சொல்ல வேண்டும். அவள் எண்ணைத் தட்டினார்.

“வீராயி, வீட்டுல பெயிண்ட் இருக்கா?”

“பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு அடிச்சது அரை டப்பா கெடக்கு. ஊதா. எதுக்கு?”

“எடுத்துட்டு டவர்கிட்டப் போ. கால்ல எழுதியிருக்கற நம்பரைச் சாணியப் பூசி மறைச்சிடு. மேல 784-ன்னு பெருசா எழுது. எழுதிட்டு, அந்த நம்பரும் அறுந்த சரமும் ஒன்னா வர்ற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பு.”

“நாலு மணிக்கு விடுவாங்கன்னீங்க” என்றாள் வீராயி.

“ஆமா.”

“இப்ப மணி என்ன?”

“மூணே முக்கால் ஆவப்போவுது. பயமா இருந்தா வேணாம். வேணாம் வீராயி. நீ எட்ட வந்துடு. நான் வேற ஏதாச்சும் பாக்குறேன்.”

“நீங்க வேற எதைப் பாப்பீங்க? ஏழு, எட்டு, நாலுதான?” என்று கேட்டுக்கொண்டே அவள் ஓடுவது கேட்டது.

அதற்குப் பிறகு நடந்த எட்டு நிமிடத்தைப் பற்றி நல்லுசாமியால் இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. சுவரில் கடிகாரம் இருந்தது. ரங்கநாதனுக்கு வெள்ளித் தம்ளரில் காபி வந்தது. மின்னேற்றத்துக்கு முன்னால் வாசிக்கும் பாதுகாப்பு உறுதிமொழிக்காக எல்லோரும் எழுந்து நின்றார்கள். எழுந்து நிற்கச் சொன்னார்கள் என்று நல்லுசாமியும் நின்றார். “மனித உயிரே எங்கள் முதல் அக்கறை” என்று எல்லோரும் சொன்னபோது அவரும் சொன்னார். அந்த அறையில் அதை மனதாரச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

மூன்று ஐம்பத்து மூன்றுக்குப் படம் வந்தது. டவரின் காலில் ஊதா நிறத்தில் 784. சரம் இல்லை. வீராயி மிகக் கிட்ட நின்று எடுத்துவிட்டாள்.

“பின்னால போய் எடு” என்றார் நல்லுசாமி. “சரம் தெரியணும்.”

“பின்னால போனா கம்பிக்கு அடியில நிக்கணும்.”

மூன்று ஐம்பத்தாறுக்கு இரண்டாவது படம் வந்தது. சரம் இருந்தது, எண் இருந்தது. நாலின் காலிலிருந்து பெயிண்ட் ஒழுகிக்கொண்டிருந்தது. இளவேனில் செல்போனை வாங்கிப் பெரிய திரையில் போட்டாள்.

ரங்கநாதன் எழுந்து நின்றுவிட்டார். கண் கலங்கிவிட்டது.

“784. நான் சொன்னேனோ இல்லியோ. அங்குலம் தப்பலை.” அவர் திரைக்கு அருகில் போய் உற்றுப் பார்த்தார். “எழுத்தெல்லாம் புதுசா இருக்கே. பராமரிப்பு பேஷாப் பண்றா. போடும்மா எடமலைப்பட்டி புதூருக்கு.”

இளவேனில் எண்ணைப் போட்டு ஒலிபெருக்கியில் விட்டாள். பீமராவ் மறுமுனையில் வந்தார். அவள் அனுப்பிய படத்தைப் பார்த்தார். 784 அடியில் நின்றுகொண்டிருந்த ஏழு பேரின் தலைவனையும் அதே இணைப்பில் இழுத்தார்.

“784-ல சரம் அறுந்து தொங்குது. ஒன்னுமில்லன்னு எழுதியிருக்கீங்க. என்னய்யா வேலை பாக்குறீங்க?”

“சார், நாங்க 784 அடியிலதான் சார் நிக்கறோம். சரமெல்லாம் நல்லா இருக்கு சார்.”

“நீங்க நிக்கறது 784 இல்ல. 784-ல சரம் உடைஞ்சிருக்கு.”

“இங்கயும் 784-ன்னுதான் சார் எழுதியிருக்கு.”

பீமராவ் ஒரு கணம் யோசித்தார். “அது தப்பா எழுதியிருக்கு. அழிச்சிட்டுக் கிளம்புங்க.”

“சார், மணி…” என்றாள் இளவேனில். அவள் குரல் முதல்முறையாக உயர்ந்திருந்தது. மூன்று ஐம்பத்தெட்டு.

“நிறுத்தியாச்சு, நிறுத்தியாச்சு” என்றார் பீமராவ். “784-ன்னா நிறுத்தாம இருப்போமா? மனுஷ உயிர் ஆச்சே.”

எடமலைப்பட்டி புதூர்த் திரையில் 4.00 என்று இருந்த இடம் வெறுமையாயிற்று என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. நல்லுசாமி தரையில் உட்கார்ந்துவிட்டார். வீராயியை அழைத்தார், எடுத்தாள். நாலு பத்து வரை இருவரும் போனை வைக்கவில்லை. பின்னால் பள்ளிக்கூட மணி அடிப்பது கேட்டது, பிறகு பிள்ளைகளின் சத்தம்.

“கையெல்லாம் பெயிண்ட்டுங்க. மண்ணெண்ணெய் போட்டாத்தான் போவும்” என்றாள் கடைசியில். அப்போதுதான் அவர் அழுதார்.

லைனை அன்று இரவே சரிசெய்தார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. இடம் முடிவாகிவிட்டால் அந்த நிறுவனம் கெட்டிக்கார நிறுவனம்தான்.

மறுமாதம் இடமறி மையத்துக்கு ‘பிழையில்லாக் கணிப்பு விருது’ வந்தது. அதுவும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்பட்டது. ஒரு புள்ளி, பித்தளையில். விழாவில் ரங்கநாதன் பேசும்போது, பழுதைத் தேடிப் போகிறவன் தொழிலாளி, பழுதைத் தன்னிடம் வரவழைக்கிறவன்தான் வல்லுநன் என்றார். இனி எல்லா டவரிலும் எண்களை அதே ஊதா நிறத்தில் எழுத வேண்டும் என்று சுற்றறிக்கை போனது. இளவேனில் நான்காவது முறையாகப் பட்டியலைப் பற்றி எழுதிக் கொடுத்தாள். பட்டியல் தவறென்றால் பிழையில்லா விருது எப்படிக் கிடைத்திருக்கும் என்று பதில் வந்தது. எண் அழிக்கப்பட்ட பழைய 784, எண்ணே இல்லாமல் நின்றது.

ஐப்பசி மழையில் ஒரு காலை, நல்லுசாமி வெங்காயத்துக்கு வரப்பு வெட்டிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மூச்சு வாங்கப் பேசினாள் ஒரு பெண்.

“அண்ணே, என் பேரு ஆனந்தவள்ளி. நாங்க ரெண்டு கல்லு தள்ளி இருக்கோம். எங்க தோட்டத்து டவர்ல கம்பி இறங்கித் தொங்குதுண்ணே. டவர்ல நம்பரே இல்ல. ஸ்ரீரங்கத்துக்குப் போன் போட்டா 788-ல போய்ப் பாத்துட்டோம் ஒன்னுமில்லங்கறாங்க. இளவேனில்னு ஒரு பொண்ணுதான் உங்க நம்பரைக் கொடுத்துச்சு.”

“கரண்ட் எத்தனை மணிக்கு விடறாங்களாம்?”

“பன்னெண்டுக்குண்ணே. கம்பி தொழுவத்து மேல கெடக்கு, எங்க வீட்டுக்காரரு மாட்டை அவுக்க உள்ள போயிருக்காரு.”

நல்லுசாமி மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு மணியைப் பார்த்தார். பதினொன்று நாற்பது.

“அவரை மொதல்ல வெளிய வரச் சொல்லும்மா” என்றார். “சொல்லிட்டு, பொங்கலுக்குக் கொம்புக்கு அடிச்ச பெயிண்ட் மிச்சம் இருக்கா பாரு.”